எளியோருக்கும் திறந்த கடல்: விட்சண்டே தீவுகளின் பாய்மரப் பயணம்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் அமைந்த குயின்ஸ்லாந்து மாநிலத்தில், தலைநகர் பிரிஸ்பேனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவில், நிலப்பரப்புக்கும் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கும் இடைப்பட்ட கடலில் விட்சண்டே தீவுகள் என்று பெயர் பெற்ற 74 தீவுகள் உள்ளன. இத்தீவுகளுக்கு வாயிலாக விளங்கும் ஏர்லி பீச் என்னும் சிற்றூரிலிருந்து பாய்மரப் படகுகள் புறப்பட்டு, இரண்டு அல்லது மூன்று நாள் தீவுகளிடையே சுற்றி, இரவில் காற்று மறைந்த குடாக்களில் தங்கி, பகலில் பயணிகளைப் பவளப்பாறைகளின் மேல் நீந்தவிட்டுத் திரும்புகின்றன. அப்படகுகளில் ஏறுவோரில் பலர், முதுகில் சுமக்கும் ஒரே பையுடன் குறைந்த செலவில் மாதக்கணக்காக நாடு சுற்றும், பேக்பேக்கர் என்று அழைக்கப்படும் இளம் பயணிகள்.

விளம்பரப் படங்களில் இப்பயணம் வெயிலும் வெண்மணலும் சேர்ந்த வெறும் உல்லாசமாகத் தோன்றினாலும், அதன் பின்னால் நிலவியலும் வரலாறும் சட்டமும் அடுக்கடுக்காக நிற்கின்றன. கையில் பணம் குறைந்த ஒருவர் உலகின் தலைசிறந்த கடற்பரப்புகளுள் ஒன்றில் இரண்டு நாள் மிதந்து வர முடிவது தானாக வாய்த்த பேறன்று. அக்கடல் சுரங்கத்துக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் போகாமல், மக்கள் போராடிப் பொதுச்சொத்தாகக் காத்ததனால் கிடைத்த பயன் அது. அந்தக் காவலின் கதையையும் சேர்த்து அறியும்போதுதான் இப்பயணத்தின் முழுப் பொருள் விளங்கும்.

மூழ்கிய மலைத்தொடர்

மாலத்தீவுகளைப் போலப் பவளமே குவிந்து உருவான தாழ்ந்த திட்டுகளல்ல விட்சண்டே தீவுகள். இவற்றின் பாறைகள், கிரெட்டேசியஸ் காலம் எனப்படும் டைனோசர் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வெடித்த எரிமலைகளிலிருந்து பிறந்தவை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் இன்றைய அளவைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இத்தீவுகள் நிலத்தோடு ஒட்டிய மலைகளாகவே நின்றன. பனி உருகி நீர் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை எட்டியபோது பள்ளத்தாக்குகள் கால்வாய்களாகவும் சரிவுகள் குடாக்களாகவும் மாற, சிகரங்கள் மட்டும் தீவுகளாக எஞ்சின. காடு மூடிய செங்குத்தான சரிவுகள் நேராக ஆழ்நீரில் இறங்குவதும், குறுகி நீண்ட குடாக்கள் தீவுகளின் உடலைப் பிளந்துகொண்டு உட்செல்வதும் இந்தத் தோற்றத்தின் விளைவுகளே.

பாய்மரப் பயணத்துக்கு இதைவிட வாய்ப்பான அமைப்பு அரிது. எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் அதற்கு மறைவாக ஏதேனும் ஒரு தீவின் மறுபக்கம் கிடைக்கும். அத்துடன், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 3,000 தனித்தனிப் பாறைத்திட்டுகளும் கொண்ட பெருந்தடுப்புப் பவளத்திட்டு கிழக்கே அரணாக நிற்பதால், பசிபிக் பெருங்கடலின் நெடிய அலைகள் இங்கு வலுவிழந்தே வந்து சேர்கின்றன. அந்த வெளித்திட்டுக்கு விரைவுப் படகில் செல்லவே இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பாய்மரப் பயணிகள் காண்பது பெரும்பாலும், தீவுகளின் கரையை ஒட்டி ஆழம் குறைந்த நீரில் வளரும் கரையோரப் பவளப்பாறைகளை.

தொகுதியிலேயே மிகப் பெரியதான விட்சண்டே தீவின் கிழக்குக் கரையில், 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயிட்ஹேவன் கடற்கரை விரிந்திருக்கிறது. அதன் மணலில் ஏறத்தாழ 98 விழுக்காடு சிலிக்கா, அதாவது கண்ணாடி செய்யப் பயன்படும் படிகக்கல் துகள், அடங்கியிருப்பதால் அது மாவைப் போல நுண்ணியதாகவும், வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உச்சிப் பொழுதிலும் பாதம் சுடாததாகவும் இருக்கிறது. சுற்றிலுமுள்ள எரிமலைப் பாறைகளில் இத்தகைய மணலுக்கு மூலம் இல்லாததால், கடல்மட்டம் மாறிய பழங்காலத்தில் நீரோட்டங்கள் வேறிடத்திலிருந்து இதனைக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கடற்கரையின் வடகோடியில் உள்ள ஹில் இன்லெட் என்னும் கழிமுகத்தில், ஓதம் ஏறி இறங்கும்தோறும் வெண்மணலும் நீலநீரும் புதிய வடிவங்களில் கலக்கின்றன. அக்காட்சியைக் காண, படகுகள் பயணிகளைத் தீவில் இறக்கி, காட்டுப்பாதை வழியே மேட்டுக்கு அழைத்துச் செல்கின்றன.

முதல் மாலுமிகள்

இக்கடலில் ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பிருந்தே திறமையான மாலுமிகள் வாழ்ந்தனர். நாரோ என்னும் பூர்வகுடியினர் இத்தீவுகளில் குறைந்தது 9,000 ஆண்டுகளாக வாழ்ந்து வந்ததை, ஹூக் தீவிலுள்ள நாரா குடாவின் குகையில் நடந்த அகழாய்வு காட்டுகிறது. கடல் ஏறி வந்து நிலம் தீவுகளாகப் பிரிந்த மாற்றத்தின் ஊடே அவர்களின் முன்னோர் வாழ்ந்திருக்கின்றனர் என்பதே இதன் பொருள். மரப்பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துச் செய்த ஓடங்களில் தீவு விட்டுத் தீவு சென்று ஆமையும் மீனும் பிடித்த இவர்கள், சவுத் மோல் தீவின் கற்களை வெட்டியெடுத்துக் கருவிகள் செய்தனர். நாரா குடாவின் குகைச் சுவரில் அவர்கள் தீட்டிய ஓவியங்களை, கரையிலிருந்து ஏறும் குறுகிய நடைபாதையில் சென்று இன்றும் காணலாம்.

1770-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், ஆங்கிலேய மாலுமியான ஜேம்ஸ் குக், எண்டெவர் என்னும் கப்பலில் இத்தீவுகளின் நடுவே கடந்து சென்றார். அவருடைய நாட்குறிப்பின்படி அது கிறித்தவர்களின் பெந்தகோஸ்து ஞாயிறாக இருந்ததால், தாம் கடந்த நீர்வழிக்கு அத்திருநாளின் ஆங்கிலப் பெயரையே இட்டார். பின்னாளில் தீவுகளும் அப்பெயரால் வழங்கின. அடுத்த வாரமே அவரது கப்பல் வடக்கே பவளப்பாறையில் மோதிச் சிக்கியதால், பீரங்கிகளைக் கடலில் எறிந்து எடையைக் குறைத்தே அதனை மீட்க வேண்டியிருந்தது. 1861-இல் அருகே போவன் நகரம் தோன்றிக் குடியேற்றம் பரவியபின், குடியேற்ற அரசின் காவற்படை நடத்திய வன்முறையாலும் நோயாலும் கட்டாய இடமாற்றத்தாலும் நாரோ மக்கள் தங்கள் தீவுகளை இழந்தனர். இன்று அழகிய குடாக்களில் தங்கும் ஒவ்வொரு படகும் அவர்களுடைய கடலில்தான் தங்குகிறது என்பதைப் பயணிகள் அறிந்திருப்பது குறைந்தபட்சக் கடமை.

படகும் பயணிகளும்

இளம் பயணிகளின் இந்தப் பெருக்குக்கு ஆஸ்திரேலிய அரசின் விசாக் கொள்கையும் ஒரு காரணம். 1975-இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்களுக்காகத் தொடங்கிய ‘வேலையும் விடுமுறையும்’ என்னும் திட்டம், ஓராண்டு தங்கி, இடையிடையே கூலிவேலை செய்து, அந்த வருவாயில் நாடு சுற்றுவதற்கு அனுமதி அளிக்கிறது. காலப்போக்கில் பல நாடுகளுக்கு விரிந்த இவ்வகை அனுமதி 2024 முதல் இந்தியர்களுக்கும் கிடைக்கிறது. 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 1,000 பேர் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஏர்லி பீச்சுக்கு அருகிலுள்ள போவன் பகுதியின் தக்காளித் தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் சில வாரம் அறுவடை வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு படகேறுவது இத்தகைய பயணிகளின் வழக்கம்.

அவர்கள் ஏறும் படகுகளில் சில, ஒரு காலத்தில் பந்தயங்களில் புகழ்பெற்றவை. ஆண்டுதோறும் டிசம்பர் 26-ஆம் நாள் சிட்னியில் தொடங்கி டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் முடியும் நெடுங்கடல் பந்தயம் 1945 முதல் நடந்து வருகிறது. அதில் 1983-லும் 1986-லும் முதலாவதாக வந்ததாக அறிவிக்கப்பட்ட காண்டோர் என்னும் படகு, ஓய்வுபெற்ற பின் இத்தீவுகளில் பயணிகளை ஏற்றிச் சென்றது. சுமார் 24 மீட்டர் நீளமுள்ள இத்தகைய பந்தயப் படகுகள் வேகத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆதலால் உள்ளே அடுக்குப் படுக்கைகளும் சிறு சமையலறையும் ஒன்றிரண்டு கழிவறைகளும் தவிர வேறு வசதிக்கு இடமில்லை. நன்னீர் தொட்டியளவே உண்டு. குளியல் என்பது கடலில் குதித்து எழுந்தபின் சில விநாடி உடலை அலசிக்கொள்வதுடன் முடிந்துவிடும். சக்கரம் வைத்த கடினப் பெட்டிகளுக்குத் தடை, சிறிய துணிப்பைக்கு மட்டுமே அனுமதி; தளம் கீறாமலும் மணல் ஒட்டாமலும் இருக்கக் காலணிகளைக் கரையிலேயே கழற்றிப் பொதுக்கூடையில் போடுவது மரபு.

தனியாகப் படகை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லும் முறையும் இங்கு உண்டு. மாலுமியில்லாமல் வெறும் படகாகத் தரப்படும் இதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆனால் புறப்படுமுன் விரிவான பயிற்சி அளிக்கப்படுவதுடன், நாள்தோறும் குறித்த நேரங்களில் வானொலி மூலம் தாங்கள் இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். குழுவாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வோருக்கு இது ஏற்றது. தனியே வரும் இளம் பயணிகள், தலைவரும் ஓரிரு மாலுமிகளும் இருபது முப்பது பயணிகளும் சேர்ந்து செல்லும் பெரிய படகுகளையே நாடுகின்றனர்.

காற்றும் ஓதமும்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இக்கடலில் தென்கிழக்கு வியாபாரக் காற்று, அதாவது வெப்பமண்டலத்தில் மாறாத திசையில் நெடுங்காலம் வீசும் காற்று, ஆட்சி செய்கிறது. அதன் வேகம் பெரும்பாலும் 15 முதல் 20 நாட் வரை இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகம். பாய்மரப் படகு காற்றை நேர் எதிர்த்துச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் மட்டுமே முன்னேற முடியும். எனவே காற்றுக்கு எதிரே உள்ள தீவை அடைய வேண்டுமானால், சிறிது தொலைவு வலமாகவும் பின்னர் இடமாகவும் மாறி மாறிச் சென்று வளைவழியில் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகின் அணியம், அதாவது முன்பகுதி, காற்றைக் குறுக்கே கடக்க, முன்பாயை ஒரு பக்கத்திலிருந்து அவிழ்த்து மறுபக்கம் இழுத்துக் கட்ட வேண்டும்.

இந்த வேலையில்தான் பயணிகள் கைகொடுக்கின்றனர். பாயின் கயிற்றைச் சுற்றி இறுக்கும் வின்ச் என்னும் உருளையை இருவர் எதிரெதிரே நின்று கைப்பிடியால் சுழற்ற, தலைவர் சுக்கானைத் திருப்ப, சில விநாடிகளில் பாய் விறைத்து, படகு மறுபக்கம் சாய்கிறது. தளத்தின் ஒரு விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தாலும் படகு கவிழ்வதில்லை. ஏரா எனப்படும் அடிப்பகுதியில் கட்டப்பட்ட பெரும் எடை அதனை நிமிர்த்த முயன்றுகொண்டே இருக்கிறது. அந்த ஏராவே நீரில் பக்கவாட்டு நழுவலைத் தடுத்து, பாயின் தள்ளுவிசையை முன்னோக்கிய ஓட்டமாக மாற்றுகிறது. அவ்வாறு சாயும்போது பயணிகள் அனைவரும் உயர்ந்த விளிம்புக்கு நகர்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு அமர்வதும் வேடிக்கைக்காக மட்டுமன்று. அவர்களின் எடையும் சமநிலைக்கு உதவுகிறது.

காற்றைப் போலவே ஓதமும் பயணத்திட்டத்தை முடிவு செய்கிறது. இங்கு ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு மீட்டரை எட்டும் நாட்களும் உண்டு. அந்த நீர் முழுவதும் தீவுகளின் குறுகிய இடைவெளிகளில் பாய்ந்து திரும்புவதால் நீரோட்டம் வலுக்கிறது. ஓட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் நேரத்தில் கடல் செங்குத்தான குற்றலைகளாகக் கொந்தளிக்கும். எந்த நேரத்தில் எந்தக் குடாவில் நீர் தெளிந்திருக்கும், எங்கே நீந்துவோரை ஓட்டம் இழுக்காது என்பதைத் தலைவர் ஓத அட்டவணையைப் பார்த்தே தீர்மானிக்கிறார். அச்சிட்ட பயணத்திட்டத்தில் உள்ள ஓரிடம் மாற்றப்படும்போது பயணிகள் ஏமாற்றமடைவதுண்டு. உண்மையில் அவ்வாறு மாற்றும் தலைவரே தம் பணியைச் சரிவரச் செய்பவர்.

நீருக்கடியில்

ஸ்நார்க்கலிங் என்பது கண்களையும் மூக்கையும் மூடும் கண்ணாடியும், வாயில் கவ்விய மூச்சுக்குழாயும், காலில் துடுப்புகளும் அணிந்து, முகத்தை நீருக்குள் வைத்தபடி மேற்பரப்பில் மிதந்து காண்பதாகும். மூச்சுக்குழாய் ஏறத்தாழ 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளமே இருப்பதற்குக் காரணம் உண்டு. அது நீண்டால், வெளிவிட்ட மூச்சே குழாயில் தங்கி மீண்டும் உள்ளே செல்லும். ஆழம் கூடினால் நீரின் அழுத்தம் நெஞ்சை அமுக்கி மூச்சிழுக்கவும் விடாது. நீரும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், கண்ணாடி வழியே காணும் பொருள்கள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்று நெருங்கியும் தோன்றுகின்றன. சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே நீர் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் மூழ்குபவருக்கு நீலமும் சாம்பலுமாகத் தெரியும் உலகம், மேலே மிதப்பவருக்கு முழு வண்ணத்தில் தெரிகிறது. பவளத்தைக் காண விலையுயர்ந்த மூழ்கு கருவிகள் கட்டாயமில்லை என்பது எளிய பயணிகளுக்கு இயற்கையே தந்த சலுகை.

ஹூக் தீவின் வடகரையில் உள்ள மாண்டா ரே குடா, பட்டர்ஃப்ளை குடா, ஹேமன் தீவின் புளூ பேர்ல் குடா, லாங்ஃபோர்ட் தீவின் மணல்திட்டு ஆகியவை படகுகள் வழக்கமாக நிற்கும் இடங்கள். பாறையெனத் தோன்றும் பவளம் உண்மையில் ஓர் உயிர்க்கூட்டம். பாலிப் எனப்படும் மிகச் சிறிய மெல்லுடல் உயிர்கள் தமக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடே அந்தப் பாறை. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் சமைக்கும் உணவிலிருந்தே பவளம் தன் தேவையில் 90 விழுக்காடு வரை பெறுகிறது; பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அந்தப் பாசிகளே காரணம். மான்கொம்பு போன்று கிளைத்து வளரும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டு திரண்ட பாறைப்பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. ஆளுயரப் பவளம் ஒன்றில் ஒருவர் கால்துடுப்பு பட்டு உடையும்போது நூறு ஆண்டு வளர்ச்சி குலைந்துபோக நேரலாம்.

அவசரமின்றி ஓரிடத்தில் மிதப்பவருக்கே இவ்வுலகம் பிடிபடும். கிளிமீனின் அலகு போன்ற பற்கள் இறந்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டும் ஓசை, நீருக்குள் தெளிவாகவே காதில் விழுகிறது; அது பாசியோடு சேர்த்து விழுங்கிய சுண்ணாம்பு அரைபட்டு, சிறிது நேரத்தில் அதன் பின்னால் வெண்புகை போல மணலாக உதிர்கிறது. சற்றுத் தள்ளி, பாறையிடுக்கில் பதிந்த பெருஞ்சிப்பி நீலமும் பச்சையும் கலந்த உதடுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த உதடுகளின் ஓரத்தில் வரிசையாக அமைந்த ஒளியுணர் புள்ளிகளின் மேல் நீந்துபவரின் நிழல் விழுந்தவுடன் அது சுருங்கிக்கொள்கிறது. வேறோரிடத்தில் பெரிய மீன்கள் வாயைத் திறந்தபடி அசையாமல் வரிசையில் நிற்க, விரல் நீளமே உள்ள துப்புரவு மீன்கள் அவற்றின் செவுளிலும் பற்களிலும் ஒட்டிய ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி உண்கின்றன. கடற்புல் வளர்ந்த குடாக்களில் பேராமையும், சில நேரம் கடல்பசுவும் தென்படும். தமிழக மீனவர் ஆவுளியா என்று பெயர் வழங்குவதும், 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் காப்பகம் அறிவித்ததும் இதே உயிரினத்துக்கே. ஜூலை முதல் செப்டம்பர் வரை, குளிர்ந்த தென்கடலிலிருந்து கன்று ஈன வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் இங்கு உலவுகின்றன. இப்பகுதியில் திமிங்கிலத்தை எந்தப் படகும் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி.

ஆபத்தும் காப்பும்

இந்த அழகிய நீரில் மறைந்த ஆபத்துகளும் உண்டு. தமிழக மீனவர் சொறி என்று கூறும் ஜெல்லி மீன்களில் மிகக் கொடிய இரண்டு, ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரையான வெப்பமாதங்களில் இங்கு மிகுதியாகக் காணப்படுகின்றன. ஒன்று, மூன்று மீட்டர் நீளம் வரை கொடுக்கிழைகள் கொண்ட பெட்டி ஜெல்லி மீன். அதன் கடுமையான தீண்டல் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடும். மற்றொன்று, நகத்தளவே உள்ள இருகாண்ட்ஜி. அதன் தீண்டல் முதலில் சாதாரணமாகத் தோன்றினாலும், அரைமணி நேரத்துக்குள் தாங்கொணா முதுகுவலியும் வாந்தியும் இரத்த அழுத்த உயர்வும் தொடரும். இந்நோய்க்கு எது காரணம் என்பதை உறுதிசெய்ய, கெய்ன்ஸ் நகர மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் 1961-இல் அந்தச் சிற்றுயிரைப் பிடித்துத் தம்மையும் தம் மகனையும் கடற்கரைக் காவலர் ஒருவரையும் அதனால் தீண்டச் செய்து சோதித்தார். மூவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பிழைத்தனர்.

ஆகவே படகுகளில் தலை முதல் கால் வரை மூடும் மெல்லிய மீள்துணி உடை வழங்கப்படுகிறது. ஜெல்லி மீனின் கொடுக்குச் செல்கள் தோலைத் தொட்டாலே வெடிப்பவை. அந்தத் துணி தோலுக்கும் அவற்றுக்கும் இடையே நின்றுவிடுகிறது. தீண்டப்பட்ட இடத்தில் வினிகர் ஊற்றினால், இன்னும் வெடிக்காத செல்கள் செயலிழக்கும் என்பதால் கடற்கரைகளில் வினிகர்ப் புட்டிகள் கம்பங்களில் தொங்குகின்றன. எனினும் நீச்சலின்போது நேரும் உயிரிழப்புகளில் பல, ஜெல்லி மீனாலன்றி, இதயக் கோளாறாலும் களைப்பாலும் நேர்பவை. அதனால் உடல்நிலை பற்றிய உறுதிமொழியைப் பெறுவது, நீந்துவோரைக் கண்காணிக்க ஒருவரை நிறுத்துவது, துணையின்றி எவரையும் நீந்தவிடாதது ஆகியவை மரபாக நிலைபெற்றுள்ளன. 1998-இல் போர்ட் டக்ளஸ் அருகே வெளித்திட்டில் மூழ்கச் சென்ற இருவர் தலைக்கணக்கின் பிழையால் கடலிலேயே விடப்பட்டு உயிரிழந்ததற்குப் பின்னர், புறப்படுமுன் பயணிகளை எண்ணிப் பதிவுசெய்யும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

காத்தவர்கள்

இக்கடல் இன்று இருக்கும் நிலையில் இருப்பது போராட்டத்தின் விளைவு. 1967-இல், கரும்பு வயல்களுக்குச் சுண்ணாம்பு உரமாக்கப் பவளத்தை வெட்டியெடுக்க எலிசன் திட்டில் அனுமதி கோரப்பட்டபோது, ஓவியர் ஜான் பஸ்ட், கவிஞர் ஜூடித் ரைட், சூழலியலாளர் லென் வெப் ஆகியோர் எதிர்த்து நின்றனர். செத்த பாறையென்று கூறப்பட்ட திட்டு உயிரோடிருப்பதை நீரில் மூழ்கிக் கண்டு சான்றளித்த பின்னர் அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. அடுத்து எழுந்தது அதனினும் பெரிய அச்சுறுத்தல். பவளத்திட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் தேடும் உரிமங்களை மாநில அரசு வழங்கியிருந்தது. விட்சண்டே தீவுகளுக்குத் தெற்கே ஒட்டியுள்ள ரிபல்ஸ் விரிகுடாவில் துரப்பணம் தொடங்கவும் ஏற்பாடாயிற்று. துரப்பணக் கப்பலுக்கு எந்தப் பணியும் செய்வதில்லை என்று தொழிற்சங்கங்கள் 1970-இன் தொடக்கத்தில் அறிவித்ததால் அத்திட்டம் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் டாரஸ் நீரிணையில் எண்ணெய்க் கப்பல் ஒன்று பாறையில் மோதி எண்ணெய் கசிந்தது, எதிர்ப்பாளர்களின் அச்சம் கற்பனையன்று என்பதை எல்லோருக்கும் காட்டியது.

அதன் தொடர்ச்சியாக 1975-இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காச் சட்டம் இயற்றப்பட்டது. 1981-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. 344,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்பூங்கா, நிறங்களால் குறிக்கப்படும் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் காணலாம், நீந்தலாம். எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது. 2004-இல் இம்மண்டலங்களின் பரப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. விட்சண்டே தீவுகளில் பெரும்பாலானவை தேசியப் பூங்காக்கள் ஆதலால், சொகுசு விடுதிகள் ஒரு சில தீவுகளோடு நின்றுவிட்டன. ஒயிட்ஹேவன் கடற்கரையில் விடுதி ஏதும் இல்லை. ஒவ்வொரு பயணியும் நாளொன்றுக்குச் செலுத்தும் சிறு பராமரிப்புக் கட்டணம் பூங்காவின் ஆய்வுக்கும் காவலுக்கும் செல்கிறது.

நங்கூரம் போடுவதற்குக்கூட இங்கு ஒழுங்கு உண்டு. காற்றில் படகு சுழலும்போது அதன் சங்கிலி கடலடியில் வட்டமாகத் துடைத்து வழியிலுள்ள பவளத்தையெல்லாம் நொறுக்கிவிடும். அதனால் பவளக் குடாக்களில் வெள்ளைக் கூம்பு மிதவைகள் எல்லை குறிக்க, அவற்றுக்கு உட்பட்ட நீரில் நங்கூரத்துக்கே இடமில்லை. அங்கு வரும் படகுகள், கடலடியில் நிலையாகப் பதித்த கட்டைகளோடு இணைந்த பொது மிதவைகளில் கயிற்றைக் கட்டிக்கொள்கின்றன. நெரிசல் மிகுந்த இடங்களில் ஒரு மிதவை இரண்டு மணிநேரத்துக்கே ஒரு படகுக்கு உரியது. அடுத்து வருவோருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

வேலிக்கு அப்பாலிருந்து வரும் கேடு

இத்தகைய உள்ளூர்க் காவலால் தடுக்க இயலாத கேடு ஒன்று இப்போது முன்னிற்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடிப் பல வாரம் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி, நிறமிழந்து, உணவின்றி வாடுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீளும், தணியாவிட்டால் இறக்கும். இவ்வாறான பெருவெளிறல் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருந்தடுப்புப் பவளத்திட்டைத் தாக்கியது. ஆண்டுகளின் வரிசையைப் பார்த்தாலே, பவளம் தேறுவதற்குக் கிடைக்கும் இடைவெளி சுருங்கி வருவது புலப்படும். 2017 மார்ச் 28-ஆம் நாள் ஏர்லி பீச் அருகே கரையேறிய டெபி புயல், ஹேமில்டன் தீவில் மணிக்கு 263 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, ஹூக் தீவின் புகழ்பெற்ற குடாக்களில் பவளத்தைப் பெயர்த்தெறிந்தது. அதனுடன் ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் வயல் உரமும் நீரைக் கலக்கி, மீட்சியைத் தாமதப்படுத்துகின்றன.

ஆயினும் பவளம் மீளும் ஆற்றல் உடையது. கோடையின் தொடக்கத்தில் முழுநிலவுக்குப் பிந்திய சில இரவுகளில் கோடிக்கணக்கான பவளங்கள் ஒரே நேரத்தில் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் நீரில் விட, அவற்றிலிருந்து பிறக்கும் இளவுயிர்கள் ஓட்டத்தில் மிதந்து வெற்றுப் பாறைகளில் பற்றிக்கொள்கின்றன. அந்த மீட்சிக்குத் தேவை அமைதியான சில ஆண்டுகள், தெளிந்த நீர், பாசியை மேய்ந்து இடத்தைத் துப்புரவாக்கும் மீன்கள். பின்னிரண்டையும் சட்டமும் வேளாண்மைச் சீர்திருத்தமும் தர முடியும். முதலாவது, உலகம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை எவ்வளவு விரைவாகக் குறைக்கிறது என்பதைப் பொறுத்தது.

தொலைநாடுகளிலிருந்து விமானத்தில் வந்து இக்கடலைக் காணும் பயணியும் அந்தக் கணக்கில் ஒரு பங்காளி என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் கண்ணால் கண்டறியாத ஒன்றுக்காக மக்கள் குரல் எழுப்புவது அரிது. 1967-இல் எலிசன் திட்டைக் காத்ததும், யாரோ சிலர் நீரில் இறங்கிப் பார்த்து அது உயிரோடிருக்கிறது என்று சொன்னதுதான். வசதி குறைந்த படகில், பகிர்ந்த இடத்தில், ஒரு மூச்சுக்குழாயின் துணையோடு அந்தக் கடலைப் பார்த்துத் திரும்பும் ஒவ்வோர் இளைஞரும் அத்தகைய சாட்சி ஆகலாம். பொதுச்சொத்தாகக் காக்கப்பட்ட கடல் எளியோருக்கும் திறந்திருக்கிறது. அதைக் கண்டு வந்தவர்கள் தத்தம் நாட்டில், தத்தம் கரையில், அதே காவலைக் கேட்டுப் பெறுவதே அந்தத் திறந்த வாயிலுக்குச் செலுத்தத்தக்க நியாயமான கட்டணம்.